புதுவயல் சாலையில் இரண்டாவது ஃப்ளெக்ஸ்

என்னைக் கேட்காமலேயே நான் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்திருந்தேன். அது எனக்கே தெரியவந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், காரைக்குடியில் ஏறிய டவுன் பஸ் புதுவயலுக்குள் திரும்பும்போது, ஜன்னல் வழியாக.

ரோட்டோரம் ஒரு லாரி நீளத்துக்கு ஃப்ளெக்ஸ் நின்றது. 'புற்றுநோயை வென்ற புதுவயலின் புதல்வி, இமயத்தின் உச்சியில் மருந்து கண்ட விஞ்ஞானி டாக்டர் பெ. செந்தாமரை அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்.' அரை மணி நேரப் பஸ் தூரத்தில் விடுதியில் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டு, வாராவாரம் அழுக்குத் துணி மூட்டையோடு வீட்டுக்கு வருபவளுக்கு இவ்வளவு வரவேற்பு. டாக்டர் பட்டம் கைக்கு வர இன்னும் ஆறு மாதமாவது ஆகும். அதையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்.

நடுவில் என் படம். தலை மட்டும்தான் என்னுடையது, கல்லூரி அடையாள அட்டையிலிருந்து எடுத்தது. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு வெள்ளைக் கோட்டுப் பெண், அவள் தோளில் ஸ்டெதாஸ்கோப். பின்னால் பனிமலை. ஒரு மூலையில் மசாலா விளம்பரத்திலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு தட்டுக் கல்பாசி. கீழே வரிசையாகத் தபால்தலை அளவில் புதுவயல் அரிசி ஆலை லாரி ஓட்டுநர்கள் அத்தனை பேரின் முகமும் இருந்தது. பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் என்னையும் ஃப்ளெக்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு இறங்கினேன்.

இது என் அப்பா பெரியகருப்பனின் வேலை என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு லாரி. புதுவயல் ஆலைகளிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் போவார். லாரியின் பின்பக்கம் என் பெயர்தான் எழுதியிருக்கும். நான் பத்தாம் வகுப்பு தேறியதற்கு ஒரு ஃப்ளெக்ஸ், கல்லூரியில் சேர்ந்ததற்கு ஒன்று, காய்ச்சல் வந்து பிழைத்ததற்கு மட்டும் அம்மா தடுத்துவிட்டாள். பெருமையை வயிற்றுக்குள் வைத்திருக்கத் தெரியாத மனிதர் அவர்.

நடந்தது இவ்வளவுதான். என் ஆராய்ச்சிக் கட்டுரை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. அப்பாவிடம் போனில் சொன்னேன். "என்னா தாயி கண்டுபிடிச்ச?" என்று கேட்டார். "மலையில இருக்கிற ஒரு பாசியோட சாறு புத்துநோய்ச் செல்லை வளர விடாமத் தடுக்குதுப்பா, லேப்ல ஒரு தட்டுல வச்சுப் பாத்தோம்" என்றேன். அந்த வாக்கியம் எங்கள் வீட்டிலிருந்து லாரி ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் 'தட்டுல' என்பது வழியிலேயே விழுந்துவிட்டது. என் மொத்த ஆராய்ச்சியும் அந்த ஒரு சொல்லுக்குள்தான் இருந்தது.

நான் ஆராய்வது லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே உடம்பாகக் குடித்தனம் நடத்தும் உயிர் அது. எங்கள் பக்கத்தில் இதை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, கோழிக்குழம்பில் தாளிக்கும் கல்பாசியும் அந்த இனம்தான். ஆனால் நான் தேடிப்போனது வேறு வகை. இமயமலைக்கு அந்தப்பக்கம், ஸ்பிதி பள்ளத்தாக்கில், புல்கூட முளைக்கத் தயங்கும் மொட்டைப் பாறைகளில் ஒட்டிக்கொண்டிருப்பது. அங்கே பகலில் வெயில் தோலை உரிக்கும், ராத்திரி தண்ணீர்ப் பாட்டில் கல்லாகிவிடும், மூச்சு விடுவதே ஒரு வேலை. ஓடி ஒளிய இடமில்லாத அந்த உயிர், தன்னைக் காத்துக்கொள்ள உடம்புக்குள்ளேயே சில ரசாயனங்களைச் செய்துவைத்திருக்கிறது. அந்தச் சரக்கில் நமக்கு உதவக்கூடியது ஏதாவது உண்டா என்பதுதான் எங்கள் கேள்வி.

நான் அந்த மலையில் ஏறியவள். உதடு வெடித்து, மூக்கில் ரத்தம் வந்து, ஒவ்வொரு பாறையிலும் விரல்நகம் அளவுக்கு மட்டும் சுரண்டிக் காகிதப் பொட்டலத்தில் கட்டியவள். அதற்கு மேல் சுரண்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரு வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத உயிர், அங்கே என் உள்ளங்கை அகலம் இருந்த திட்டு என் அப்பாவைவிட வயதில் மூத்தது. ஆய்வகத்துக்கு வந்து அதன் சாற்றை ஊதா நிறக் கரைசலில் விட்டபோது, கரைசல் என் கண் முன்னால் வெளுத்து மஞ்சளானது. உடம்பைக் கெடுக்கும் கூறுகளை அந்தச் சாறு அடக்குகிறது என்பதற்கு அது அடையாளம். எவ்வளவு உயரத்திலிருந்து எடுத்ததோ அவ்வளவு சீக்கிரம் வெளுத்தது. அன்றைக்கு ஆய்வகத்தில் தனியாக நின்று சிரித்தேன்.

பிறகு புற்றுச் செல்களை வளர்க்கும் பிளாஸ்டிக் தட்டுகளில் விட்டுப் பார்த்தோம். ஒரு சாறு அவற்றை நன்றாகவே தடுத்தது. அதே சாற்றை நோயில்லாத செல்களில் விட்டேன். அளவைக் கொஞ்சம் கூட்டியதும் அவையும் செத்தன. இதையும் கட்டுரையில் எழுதினேன், சின்ன எழுத்தில் ஒளித்துவைக்காமல், சுருக்கத்திலேயே எழுதினேன். அந்த வரியை எழுதிய பிறகுதான் நான் விஞ்ஞானி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிப்பட்ட என்னைத்தான் ஸ்டெதாஸ்கோப் மாட்டி ரோட்டில் நிற்கவைத்திருந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் நாலைந்து பேர் மடியில் ஸ்கேன் கவர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா எல்லாருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் நின்றபடியே சொன்னேன். மருந்து எதுவும் இல்லை, தட்டில் செய்து பார்த்த சோதனை மட்டும்தான், எலியிடம்கூட இன்னும் போகவில்லை, மனிதனிடம் வர எத்தனையோ வருஷமாகும், வராமலும் போகலாம், தயவுசெய்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, ஒரு பெரியவர் அப்பாவிடம் திரும்பினார்.

"எம்புட்டு அடக்கம் பாருங்க. பெரிய ஆளுக எல்லாம் இப்படித்தான், தான் செஞ்சதைத் தான் சொல்லிக்கிற மாட்டாக."

அப்பாவின் முகம் பூரித்துப்போயிற்று. நான் குரலை உயர்த்திச் சொன்னேன். அடக்கத்தோடு கோபமும் உள்ள பிள்ளை என்று முடிவு செய்துகொண்டு போனார்கள். போகும்போது அம்மாவிடம் கல்பாசி எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று ஒருத்தி கேட்டாள்.

என் அம்மா மீனாள் மட்டும்தான் அந்த ஊரில் தெளிவாக இருந்தாள். அடுப்படியில் வெங்காயம் உரித்தபடி கேட்டாள்.

"ஏண்டி, கல்பாசி புத்துக்கு மருந்துன்னா எங்க சித்தப்பா ஏன் தொண்டைப் புத்துல போனாரு? அவரு மாதிரி கோழிக்குழம்பு தின்ன ஆளு இந்த ஜில்லாவுலயே கிடையாது."

"இதை அவுக கிட்டச் சொல்லக்கூடாதா?"

"நான் சொன்னா யாரு கேப்பா? எனக்கென்ன ஃப்ளெக்ஸா வச்சிருக்காக?" என்றவள், கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீ முதல்ல பக்கத்து வீட்டுக்குப் போ. வர்ற திங்கக்கெழம மேரி ஆஸ்பத்திரிக்குப் போகப்போறதில்லையாம்."

துணி மூட்டையை அடுப்படியிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பக்கத்து வீட்டு அருள்பிரகாசம் மாமாவும் அப்பாவும் ஒரே லாரியில் மாற்றி மாற்றி ஸ்டியரிங் பிடிப்பவர்கள். ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ரத்த சொந்தம் இல்லாவிட்டாலும், மாமாவின் மனைவி சூசைமேரி எனக்கு அத்தை, அப்பாவுக்குத் தங்கச்சி. நான் ஸ்பிதிக்குக் கிளம்பியபோது அப்பா குன்றக்குடி முருகனுக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டார். அத்தை மாதா கோயிலில் நான் திரும்பும்வரை மெழுகுவத்தி ஏற்றினார். அதோடு நிற்காமல் மதுரையில் தேடிப்பிடித்து ஒரு பச்சைக் குரங்குக் குல்லாவும் வாங்கிக் கொடுத்தார். அதுதான் மலையில் என் காதைக் காப்பாற்றியது. நான் திரும்பி வந்து கொஞ்ச நாளில் அத்தைக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் கீமோ ஆரம்பித்து இரண்டு முறை முடிந்திருந்தது. கட்டி சுருங்கத் தொடங்கியிருக்கிறது, விடாமல் வந்தால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் நம்பிக்கையாகச் சொல்லியிருந்தார். மூன்றாவது முறை, வரப்போகிற அந்தத் திங்கட்கிழமை.

நான் போனபோது அத்தை தலையில் சேலை முந்தானையைச் சுற்றிக்கொண்டு, டம்ளரில் கறுப்பாக எதையோ ஆற்றிக்கொண்டிருந்தார். வீடு முழுக்க விருந்து வீட்டு வாசம். கல்பாசிக் கஷாயம்.

"வா மருமகளே. ரோட்டுல உன்னையப் பாத்தியா? வெள்ளைக் கோட்டு எடுப்பா இருக்கு."

"அத்தை, அதைக் கீழ ஊத்துங்க."

"ஏன்? காச்சின பக்குவம் தப்பா?"

"பக்குவமில்ல, எல்லாமே தப்பு. இது குழம்புல போடுறது. நான் பாத்தது வேற பாசி. அதுவும் மருந்து இல்ல. பிளாஸ்டிக் தட்டுல இருக்கிற செல்லு மேல பினாயிலை ஊத்தினாலும் அது செத்துத்தான் போகும். அதுக்காகப் பினாயிலைக் குடிப்பீகளா?"

அத்தை சிரித்தார். டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"நான் ஏத்தின மெழுகுவத்தி வீணாப் போகல தாமரை. நம்ம பிள்ளை கண்டுபிடிச்சது வீட்டுல இருக்கையில, நான் எதுக்கு அங்குட்டுப் போயி ஊசியேத்திக்கிட்டுக் கெடக்கணும்?"

"நான் கண்டுபிடிக்கலை."

"உங்க அப்பா சொன்னாரே, நீ அப்படித்தான் சொல்லுவேன்னு."

வாசலில் மாமா நின்றிருந்தார். பெரிய உடம்பு, லாரி டயரை ஒற்றை ஆளாகக் கழற்றுகிறவர். கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குறா ஆத்தா. செந்தாமரை சொன்னாத்தான் கேப்பேங்குறா. நீ சொன்னதைக் கேட்டுத்தான் இதைக் குடிக்கிறேன்னும் சொல்லுறா. நான் என்ன செய்ய?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. டம்ளரைப் பிடுங்கி வாசலில் ஊற்றிவிட்டு வந்தேன். "ரெண்டு தடவை போனீகளே, கட்டி சுருங்குதுன்னு டாக்டர் சொன்னாருல்ல? இப்ப விட்டா அது சும்மா இருக்குமா? உங்களுக்கு இது தெரியாமலா இருக்கு?"

அத்தையின் சிரிப்பு நின்றது. காலி டம்ளரை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னது மாமாவுக்குக் கேட்காத குரலில்.

"என்னால முடியல தாமரை. போன தடவை வந்து படுத்தவ, நாலு நாளு சுவரைப் புடிச்சுக்கிட்டுத்தான் நடந்தேன். வாயெல்லாம் புண்ணு. சீப்புல வராம, கையோட கொத்துக் கொத்தா வந்துச்சு முடி. அந்த ரோட்டுல உன் படத்தைப் பாத்தப்ப, அப்பாடான்னு இருந்துச்சு. பொய்யா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டுமே."

அவர் ஏமாறவில்லை. பயத்துக்கு ஒளிந்துகொள்ள ஒரு இடம் தேடியிருக்கிறார், அந்த இடத்துக்கு என் பெயரைப் போட்டு லாரி நீளத்துக்கு நாங்களே கட்டிக் கொடுத்திருக்கிறோம். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அவரும் அழுதார். ஆனால் திங்கட்கிழமை போகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பிடித்தேன்.

"அந்த ஃப்ளெக்ஸைக் கழட்டுங்க."

"கழட்டினா வெளங்குமா? எவனோ பொறாமை புடிச்சவன் கழட்டிட்டான்னுதான் சொல்லுவாக. இன்னும் அதிகமா நம்புவாக."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது. "மேரி அத்தை ஆஸ்பத்திரியை நிறுத்திட்டாகப்பா. கல்பாசியைக் காச்சிக் குடிச்சுக்கிட்டு இருக்காக. உங்க ஃப்ளெக்ஸைப் பாத்துட்டு."

அப்பாவுக்கு அது தெரியாது. அருள் மாமா அவரிடம் சொல்லவில்லை, நண்பனின் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். வியர்வையைத் துடைக்கத் துண்டைத் தேடினார், அது தோளிலேயே இருந்தது.

"எந்தங்கச்சியா?" என்றார். கொஞ்சம் கழித்து, "நீ நிசமாவே ஒண்ணும் கண்டுபிடிக்கலையா தாயி?" என்றார்.

அந்தக் கேள்வியில் இருந்த ஏக்கம் என்னை வாட்டியது. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். பாறை, பனி, விரல்நகம் அளவு சுரண்டல், ஊதா மஞ்சளானது, தட்டில் செத்த செல்கள், அதோடு சேர்ந்து செத்த நல்ல செல்கள். லோடு ஏற்றும்போது எடை பார்க்கிற கவனத்தோடு கேட்டார். கடைசி விஷயத்தில் நிறுத்தினார்.

"நல்ல செல்லும் செத்துச்சுன்னு நீ எழுதலைன்னா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"இப்போதைக்குத் தெரிஞ்சிருக்காது."

"எழுதாம இருந்தா உனக்கு இன்னும் பேரு வந்திருக்குமோ?"

"வந்திருக்கும்ப்பா. கொஞ்ச நாளைக்கு."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். எழுந்து சட்டையை மாட்டினார். "கிளம்பு. மெய்யநாதன் கடையை மூடுறதுக்குள்ள போயிரணும்."

மெய்யநாதன் காரைக்குடியில் ஃப்ளெக்ஸ் அடிப்பவர். எங்கள் குடும்பத்தின் சகல பெருமைகளும் அவர் மிஷினில்தான் வெளிவந்தன. நாங்கள் வந்த விஷயத்தைக் கேட்டுவிட்டு கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அண்ணே, கல்யாணம் அடிச்சிருக்கேன், காதுகுத்து அடிச்சிருக்கேன், கண்ணீர் அஞ்சலி அடிச்சிருக்கேன். இல்லைன்னு சொல்லி இதுவரைக்கும் ஒரு ஃப்ளெக்ஸ் அடிச்சதில்ல. ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீ அடி."

"மன்னிப்புக் கேக்குற மாதிரி சின்னதா அடிச்சிருவோமா?"

"அது எம்புட்டு நீளமோ இதுவும் அம்புட்டு நீளம். எம்மக என்ன தப்பு செஞ்சா, மன்னிப்புக் கேக்க?"

வாசகத்தை நானும் அப்பாவும் சேர்ந்து சொன்னோம். ஒவ்வொரு வரிக்கும் சண்டை. 'மகத்தான', 'ஈடு இணையற்ற' இரண்டையும் நான் நீக்கச் சொன்னேன். 'புதுவயலின் புதல்வி' இருந்தே தீர வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார், விட்டுவிட்டேன். படம் என்று வந்தபோது என் போனில் இருந்த ஒன்றைக் காட்டினேன். ஸ்பிதியில் பாறைக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறேன், உதடு வெடித்து, முகம் கறுத்து, தலையில் அந்தப் பச்சைக் குரங்குக் குல்லா.

"இதுல நீ பாக்கச் சகிக்கல தாயி."

"இதுலதான் நான் இருக்கேன்."

அப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பாறையில் ஆரஞ்சும் சாம்பலுமாகப் படர்ந்திருந்த லைக்கனை விரலால் தொட்டு, "இதுதானா அது?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன். மெய்யநாதனிடம் போனை நீட்டினார்.

கீழ்வரிசை முகங்களுக்கு அப்பா ஒவ்வொரு ஓட்டுநராகப் போன் போட்டார். முதல் ஃப்ளெக்ஸில் இடம் கேட்டுச் சண்டை போட்டவர்கள் இப்போது யோசித்தார்கள். முத்தப்பன் என்கிற டிரைவர் ஸ்பீக்கரில் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. "ஒண்ணும் கண்டுபிடிக்கலைன்னு போடுறதுல பெருமைப்பட என்னண்ணே இருக்கு?"

"என்ன இருக்கா? எம்மக இமயமலையில ஏறி இறங்கிட்டு வந்து, இம்புட்டுத்தான் தெரியும், இதுக்கு மேல தெரியாதுன்னு உலகத்துக்கே எழுதிக் குடுத்திருக்கா. நீயும் நானும் தெரியாத ரூட்டை ஒரு தடவையாவது தெரியாதுன்னு சொல்லியிருக்கமாடா?"

"சரிண்ணே, என் போட்டோவைப் போடுங்க. கண்ணாடி போட்டதா, போடாததா?" என்றார் முத்தப்பன்.

நான் திரும்பி நின்று கடையின் மிஷினைப் பார்ப்பதுபோல் நடித்தேன். என் கட்டுரையை வெளிநாட்டில் மூன்று பேராசிரியர்கள் படித்துப் பாராட்டியிருந்தார்கள். ஆனால் எனக்குப் பாராட்டாகக் கேட்டது அன்றைக்கு அப்பா சொன்னதுதான். அப்பா அதற்குள் மெய்யநாதனின் காதில் வேறு ஏதோ ரகசியம் பேசி, தன் போனிலிருந்து ஒரு படத்தை அனுப்பிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "லாரிக்காரன் போட்டோதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழையதைக் கழற்றி அதே கம்புகளில் புதியதைக் கட்டினார்கள். ஆலை வேலை முடிந்து போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் படித்தார்கள். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். நான் கிட்டப் போகக் கூசி அப்பாவோடு எதிர்ப்பக்கமே நின்றேன், தபால்தலை முகங்கள் அங்கிருந்து தெரியவில்லை. ஸ்கேன் கவரோடு வந்திருந்த பெரியவர் அங்கேயே நின்று இரண்டு முறை படித்துவிட்டு, அப்பாவிடம் வந்து, "அப்ப அந்தப் பிள்ளை அடக்கத்துக்குச் சொல்லலையா?" என்று கேட்டார். "இல்லைங்க, நிசத்தைத்தான் சொல்லியிருக்கு" என்றார் அப்பா. நான் இரண்டு நாளாகத் தொண்டை வறளச் சொல்லியும் ஏறாதது, ஃப்ளெக்ஸில் போட்டதும் அவருக்கு ஏறிவிட்டது.

அத்தை மட்டும் வெளியே வரவில்லை. ராத்திரி நான் போய்க் கூப்பிட்டதற்கு, தூக்கம் வருகிறது என்று கதவைச் சாத்திக்கொண்டார். ஃப்ளெக்ஸும் தோற்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் எங்கள் வாசலில் சத்தம். அத்தைதான். பால் வாங்கப் போன வழியில் பார்த்திருக்கிறார். பால் பாக்கெட் கையில் இருக்க, முந்தானை தலையிலிருந்து நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"யாரைக் கேட்டு என் போட்டோவைப் போட்டீக?"

அப்பா பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ரோட்டுக்கு ஓடினேன்.

விடிகாலை வெளிச்சத்தில் முழுசாகப் படித்தேன். 'புதுவயலின் புதல்வி பெ. செந்தாமரை புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கவில்லை. இமயமலையில் ஏறி, பாறையில் வளரும் லைக்கனில் என்ன இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி ஆராய்ந்து சொன்னவர். ஆராய்ச்சி தொடர்கிறது. நோய் உள்ளவர்கள் ஆஸ்பத்திரி வைத்தியத்தை ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். கல்பாசியைக் குழம்பில் மட்டும் போடவும். இதைச் சொல்வதில் பெருமை கொள்ளும்' என்று போட்டு, கீழே வரிசை. அந்த வரிசையில் முதல் ஆளாக, அப்பாவுக்கும் முன்னால், அத்தை. நீளப் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்து, ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. அருள் மாமா கொடுத்திருக்கிறார். கீழே கொட்டை எழுத்தில் 'அ. சூசைமேரி'.

எங்கள் ஊரில் ஃப்ளெக்ஸில் முகம் வந்துவிட்டால் அது பத்திரத்தில் கைநாட்டு வைத்த மாதிரி. கட்சிக்காரன் என்று போட்டால் கட்சிக்காரன், பங்காளி என்று போட்டால் பங்காளி. மாற்றிப் பேசினால் கடைத்தெருவில் நடக்க முடியாது. அப்பா அதைத்தான் செய்திருந்தார்.

திரும்பி வந்தபோது அத்தை இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார். அப்பா வாயைக் கொப்பளித்துவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டு பணிவாகச் சொன்னார்.

"கேக்காமப் போட்டது தப்புத்தான் தங்கச்சி. உனக்கு இஷ்டமில்லைன்னா இப்பவே ஏறிக் கழட்டிர்றேன்."

அத்தைக்குத் தெரியும், அந்த ஃப்ளெக்ஸை வைக்க அப்பாவுக்கு என்ன விலை ஆகியிருக்கும் என்று. மகளைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் தாங்காத மனிதர். ஊர் நடுவில், லாரி நீளத்துக்கு, 'கண்டுபிடிக்கவில்லை' என்று அவரே எழுதி நிறுத்தியிருக்கிறார், அத்தைக்காக.

"வைத்தியத்தை நிறுத்தாதேன்னு ஊருக்கெல்லாம் நான் சொல்லுற மாதிரி போட்டிருக்கீக" என்றார் அத்தை.

"ஆமா."

"இனி நான் வீட்டுல உக்காந்திருந்தா என்னைய என்ன பேசுவாக?"

"பேசத்தான் செய்வாக."

அத்தை பால் பாக்கெட்டை அம்மாவிடம் கொடுத்தார். நழுவிய முந்தானையைத் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மொட்டைத் தலையை நான் அப்போதுதான் நேராகப் பார்த்தேன். என் பக்கம் திரும்பினார், கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் அதட்டலாகவே இருந்தது.

"போட்டோவுல நீ மாட்டியிருக்கியே, நான் வாங்கிக் குடுத்த குல்லா, அது இருக்கா, தொலைச்சிட்டியா?"

"இருக்கத்தை."

"அந்த ஆஸ்பத்திரி ஏசியில மொட்டத்தலை விறைச்சுப்போகுது. அதை எடுத்துக்கிட்டு வந்து வண்டியில ஏறு. லீவு கெடைக்கலைன்னு சொல்லாத."

லீவு கேட்கவே இல்லை நான். அலமாரியிலிருந்து குல்லாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். அருள் மாமா ஏற்கெனவே வாடகைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார், அவர் எப்போது போன் போட்டார் என்று தெரியவில்லை. அப்பா முன் சீட்டில் ஏறினார்.

புதுவயலின் சித்திரை வெயிலில், கார் ஜன்னலோரம், பச்சைக் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் மாட்டினால் போதும் என்று சொன்னதற்குக் கேட்கவில்லை. ஃப்ளெக்ஸ் பக்கம் வந்ததும் காரை நிறுத்தச் சொன்னார். கண்ணாடியை இறக்கி, வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கும் பிள்ளை மாதிரி முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தார். 'கண்டுபிடிக்கவில்லை' என்ற இடத்தில் நிறுத்தி என் கையைப் பிடித்துக்கொண்டார், பிறகு மீதியைப் படித்தார். 'இதைச் சொல்வதில் பெருமை கொள்ளும்' என்று முடித்து, கீழே இருந்த பெயர்களில் முதல் பெயரை மட்டும் இன்னும் உரக்க வாசித்தார்.

முன் சீட்டில் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போதும் பாத்தது. வண்டிய எடுங்க மாப்ள" என்றார், ஸ்டியரிங்கில் இருந்த மாமாவிடம். கார் மதுரை ரோட்டில் திரும்பியது.